தகர டப்பா என்று சொல்லும் முன்



சென்ற வாரம் நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு ‘எங்கள் வீட்டு மகிழுந்து’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதக் கொடுத்தேன். நிறம், இருக்கை, பாலிக் கம்போங் பயணம் என்று வழக்கமான செய்திகளே வந்தன. ஒருவன் மட்டும் இப்படி எழுதியிருந்தான்: “எங்கள் அப்பாவின் கார் உள்நாட்டுக் கார். அது தகர டப்பா. பணம் சேர்ந்ததும் நல்ல கார் வாங்குவோம்.” ‘தகரம்’ என்பதை அவன் ‘தகறம்’ என்று எழுதியிருந்தான். எழுத்துப் பிழையைச் சிவப்பு மையால் திருத்தினேன். கருத்துப் பிழையை எந்த மையால் திருத்துவது?

பத்து வயதுப் பிள்ளைக்கு இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? நம்மிடமிருந்துதான். நம் ஆசிரியர் அறையிலும், மாலையில் பள்ளி வாசலில் வண்டிகளை வரிசையாக நிறுத்திக்கொண்டு காத்திருக்கும் பெற்றோர் கூட்டத்திலும் ‘மைலோ டின்’ என்ற கேலி ஓயாமல் ஒலிக்கிறது. ஜப்பான் வண்டி என்றால் உறுதி, ஜெர்மன் வண்டி என்றால் கௌரவம், நம் நாட்டு வண்டி என்றால் டப்பா. கதவை ஒருமுறை அறைந்து பார்த்துவிட்டு, “சத்தம் கேட்டீர்களா சார்?” என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்கள். இத்தீர்ப்பைத்தான் நான் எதிர்க்கிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். உள்நாட்டு வண்டிக்கு இந்தப் பெயர் சும்மா வரவில்லை. 1983-இல் தொடங்கப்பட்ட புரோட்டோன் நிறுவனம் 1985 ஜூலையில் சாகாவை வெளியிட்டது. அது மிட்சுபிசியின் லான்சர் வண்டியை அடிப்படையாகக் கொண்டது. “அந்தக் காலத்துச் சாகா கெட்டி” என்று பெரியவர்கள் இன்றும் சொல்வதற்கு இதுவே காரணம். பின்னர் 2000-இல் சொந்த வடிவமைப்பில் வாஜா வந்தது. அந்தக் காலத்து புரோட்டோன் வண்டிகளின் பவர் விண்டோ நாடறிந்த நகைச்சுவையாயிற்று. கண்ணாடி இறங்க மறுத்ததால் சுங்கச் சாவடியில் கதவையே திறந்து கட்டணம் செலுத்தியவர்களை நானும் பார்த்திருக்கிறேன். உயர்ந்த இறக்குமதித் தீர்வை என்னும் மதிலுக்குள் இருந்த நிறுவனத்துக்கு, வாடிக்கையாளர் ஓடிவிடுவார் என்ற அச்சம் வேண்டிய அளவுக்கு இல்லை. தவறு தவறுதான். அதை மூடி மறைப்பதற்காக நான் இதை எழுதவில்லை.

ஆனால் அந்தத் தவற்றிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட பாடம் என்ன? “நம்மவர் கைக்கு நேர்த்தி வராது” என்பது! இங்கேதான் எனக்குச் சினம் வருகிறது.

நீங்கள் மெச்சும் ஹோண்டா எங்கே பொருத்தப்படுகிறது? மலாக்கா மாநிலத்துப் பெகோவில், 2003 முதல். அதற்கு முன்பு நம் ஜொகூர் பாருவிலேயே, தம்போயில் பொருத்தினார்கள். மெர்சிடிஸ் வண்டிகள் பகாங் மாநிலத்துப் பெக்கானிலும், பி.எம்.டபிள்யூ வண்டிகள் கெடாவின் கூலிமிலும், வோல்வோ வண்டிகள் ஷா ஆலமிலும் பொருத்தப்படுகின்றன. திருகாணி முடுக்குவதும், கதவைத் தூக்கி மாட்டுவதும், இடைவெளியை அளந்து பார்ப்பதும் மலேசியக் கைகளே. நெற்றியில் நட்சத்திரச் சின்னம் இருந்தால் அதே கைக்கு நேர்த்தி வந்துவிடுகிறதா? சின்னம் இல்லாவிட்டால் போய்விடுகிறதா?

நேர்த்தி எங்கிருந்து வருகிறது என்பதைச் சற்றே பொறுமையாகப் பாருங்கள். முன்மூடிக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி சில மில்லிமீட்டர்தான். அது இருபுறமும் சமமாக இருக்கவேண்டுமானால் தகட்டை அழுத்தும் அச்சு தேயாதிருக்க வேண்டும். பற்றவைக்கும்போது தகடுகளைப் பிடித்து நிறுத்தும் சட்டம் அசையாதிருக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் ஒவ்வோர் உறுப்பும் அளவு பிசகாமல் வரவேண்டும். பிசகி வந்ததைத் திருப்பி அனுப்பும் துணிவு மேலாளருக்கு வேண்டும். உள்ளே முகப்புப் பலகை கிறீச்சிடுவதும் பெரும்பாலும் இப்படித்தான்: ஒரு கொக்கி அரை மில்லிமீட்டர் தளர்ந்திருக்கும், இரண்டு பிளாஸ்டிக் விளிம்புகள் உரசும். இதில் இனமும் இல்லை, நாடும் இல்லை. ஒழுங்கும் செலவும் சோதனையும் மட்டுமே உள்ளன.

சான்று வேண்டுமா? பெரோடுவா 1994-இல் டைஹாட்சு மீராவை அடிப்படையாகக் கொண்ட கஞ்சிலைக் கொண்டுவந்தது. 2001-இல் அதன் உற்பத்திப் பிரிவின் பெரும்பங்கு ஜப்பானிய நிறுவனங்களின் கைக்குப் போனது. 2005-இல் மைவி வந்தது. 2006-இல் விற்பனையில் புரோட்டோனை முந்தியது. ஊழியர் மாறவில்லை, ரவாங் ரவாங்காகவே இருந்தது. வேலை செய்யும் முறைதான் மாறியது. 2017-இல் சீனாவின் ஜீலி நிறுவனம் புரோட்டோனில் 49.9 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. பிறகு எக்ஸ்70 முதலில் சீனாவிலிருந்தும், அடுத்துத் தஞ்சோங் மாலிமிலிருந்தும் வந்தது. அதன் உள்ளமைப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு வாயடைத்துப் போன நண்பர் ஒருவர் உடனே சொன்னார்: “இது சீனாக்காரன் வேலை.” நல்லதாக இருந்தால் அயலான் வேலை, கெட்டதாக இருந்தால் நம்மவன் வேலை! இதற்கு என்ன மறுமொழி சொல்வது?

சரி, ஜப்பான் என்றால் குறையே இல்லையா? 2023 ஏப்ரலில் டைஹாட்சு நிறுவனமே ஒன்றை ஒப்புக்கொண்டது. பக்கவாட்டு மோதல் சோதனைக்குக் கொண்டுபோன வண்டிகளில் மட்டும் முன்கதவின் உட்பக்கப் பலகையில் ஒரு வெட்டுத்தடம் இட்டிருந்தார்கள். மோதும்போது பலகை உடைந்து கூர்முனை நீட்டாமல் இருப்பதற்காக அது. கடையில் விற்ற வண்டிகளில் அந்தத் தடம் இல்லை. தாய்லாந்தின் டொயோட்டா யாரிஸ் ஏட்டிவும் நம் நாட்டு பெரோடுவா ஆக்சியாவும் உட்பட 88,000க்கும் மேற்பட்ட வண்டிகள் அதில் அடங்கும். அதே ஆண்டு டிசம்பரில் முறைகேடு 64 மாதிரிகளுக்கு விரிந்தது. அந்த வண்டிகளில் செல்வது ஆபத்து என்று நான் சொல்லவில்லை. நாம் கையால் தடவி, “ஆகா, என்ன வழவழப்பு!” என்று வியக்கும் அதே கதவுப் பலகையின் உண்மைத் தரம் தடவினால் தெரியாது என்றே சொல்கிறேன்.

கதவு ஓசையும் அப்படித்தான். ‘டொப்’ என்று கனமாக மூடும் ஓசையைப் பொறியாளர்கள் வேண்டுமென்றே உருவாக்குகிறார்கள். தகட்டின் உட்புறம் அதிர்வடக்கும் அட்டை, தடித்த இரப்பர் விளிம்பு, தாழ்ப்பாளின் அமைப்பு எல்லாம் சேர்ந்து அந்த ஓசையைத் தருகின்றன. அதை வைத்து விபத்தில் எந்தக் கூடு தாங்கும் என்று சொல்ல இயலாது.

நம் ஊரில் பலர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். “அந்தப் பக்கத்து வண்டிகளைப் பாருங்கள் சார், எப்படிப் பளபளக்கின்றன!” என்பார்கள். பளபளக்காமல் என்ன செய்யும்? அங்கே வண்டி உரிமைச் சான்றிதழுக்குப் பத்தாண்டே ஆயுள். புதுப்பிப்பவர் உண்டு என்றாலும் பெரும்பாலான வண்டிகள் கிழமாவதற்குள் சாலையை விட்டுப் போய்விடும். இங்கே பதினெட்டு ஆண்டு வெயிலில் காய்ந்த வண்டியை அங்குள்ள நான்கு வயது வண்டியோடு ஒப்பிடுவது, ஆறாம் ஆண்டுத் தேர்வுத் தாளை முதலாம் ஆண்டுப் பிள்ளையிடம் கொடுப்பதைப் போன்றது.

வெயிலைச் சொன்னேன். பாசிர் கூடாங்கின் வெயிலும் கடற்காற்றும் ஆலைப் புகையும் எந்தச் சின்னத்துக்கும் சலுகை காட்டுவதில்லை. விலையுயர்ந்த ஐரோப்பிய வண்டிகளின் கூரைத்துணி ஒட்டு விட்டுத் தொங்குவதையும், மென்மைக்காகப் பூசிய பூச்சு பிசின் போல் விரலில் ஒட்டுவதையும் பழைய வண்டி வாங்கியவர்கள் அறிவார்கள். கடினமான மலிவு பிளாஸ்டிக் கண்ணுக்கு அழகில்லைதான். ஆனால் ஈரத்துணியால் துடைத்தால் போதும், பத்தாண்டு கழித்தும் அப்படியே கிடக்கும். கூடலாக்கி உருளும் சாலையில் ஓடுகிற வண்டிக்கு இதுவும் ஒரு தரம் அன்றோ?

‘நம்மவர் நடத்துவது மட்டம்’ என்னும் இதே பேச்சைத் தமிழ்ப்பள்ளியைப் பற்றியும் நான் கேட்டிருக்கிறேன். அதைச் சொல்பவர் ஒருமுறையேனும் வகுப்பறைக்குள் வந்து பார்த்திருக்கமாட்டார். அதைப் பிறிதொரு நாள் எழுதுகிறேன்.

ஒன்பது ஆண்டுத் தவணையில் வண்டி வாங்கப்போகும் பெற்றோரே, சின்னத்தைப் பார்க்காதீர்கள், வண்டியைப் பாருங்கள். நகத்தை இடைவெளியில் வைத்து இருபுறமும் ஒப்பிடுங்கள். பின்பெட்டியின் விரிப்பைத் தூக்கி நீர்த்தடம் உண்டா என்று நோக்குங்கள். கதவு இரப்பரை விலக்கிப் பற்றவைப்பைக் காணுங்கள். துறைமுகக் கனவுந்துகள் குழியாக்கிய சாலையில் வானொலியை அணைத்துவிட்டு ஓட்டிக் கேளுங்கள். ஒரே நிறுவனத்தின் இரண்டு வண்டிகள்கூட ஒன்றுபோல் இரா. பழைய வண்டியாயின், டகாட்டா காற்றுப்பைகளை மாற்றியாயிற்றா என்று நிறுவனத்திடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். புகழ்பெற்ற ஜப்பானிய வண்டிகளில் இருந்த அந்தப் பைகள் வெடித்து நம் நாட்டிலும் உயிர்கள் போயின. பிள்ளைக்கான பாதுகாப்பு இருக்கை 2020 முதல் சட்டம். தோல் உறைக்கு மூவாயிரம் ரிங்கிட் கொடுப்பவர் இதற்கு முந்நூறு கொடுக்கத் தயங்குவதைப் பள்ளி வாசலில் நாள்தோறும் காண்கிறேன்.

என் வண்டியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அதன் பின்கதவைச் சற்றுத் தூக்கி மூடவேண்டும். மழை நாளில் பின்பெட்டி நனையும். அதை எவரும் வந்து பார்க்கலாம். ஆசிரியர் அறையில் ‘மைலோ டின்’ என்று உரக்கச் சிரித்த நண்பரிடம், சனிக்கிழமை புறப்பாடம் முடிந்ததும் அவர் வண்டியையும் என் வண்டியையும் அருகருகே நிறுத்தி, கைவிளக்கோடு சோதிப்போம் என்று கூறியிருக்கிறேன். இரண்டு சனிக்கிழமைகள் கழிந்துவிட்டன. அவர் பேருந்தில் வருகிறார்.