கெப்பைக் கொடுப்போம், சுமையைக் கொடுக்க வேண்டாம்

எமது மாவட்டக் காரியாலயத்தின் பழைய கெப் வாகனத்தை என்ன செய்வது என்ற கேள்வி, வரும் பொதுக்கூட்டத்தில் தீர்மானத்துக்கு வருகிறது. விற்றுக் காசாக்குவோம் என்கிறார்கள் சிலர். தோட்டத்திலேயே வைத்துக்கொள்வோம் என்கிறார்கள் வேறு சிலர். கல்முனைப் பக்கத்தில் இயங்கும் ஒரு நலன்புரி அமைப்புக்கு அன்பளிப்பாகக் கொடுப்போம் என்பது மூன்றாவது யோசனை. நாம் மூன்றாவது யோசனையின் பக்கம் நிற்கிறோம். ஆனால் சாவியைக் கையில் கொடுத்துப் படம் பிடித்துக்கொண்டு திரும்புவதற்கு நாம் உடன்பாடில்லை.

ஏன் கல்முனை? 2025 நவம்பரில் டித்வா புயல் அடித்தபோது கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மலைகள் சரிந்து விழுந்தன. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. பாதைகள் உடைந்து கிடந்த அந்த நாட்களில் அரிசியும் பருப்பும் பாய்களும் ஏற்றிக்கொண்டு கிழக்குக் கரையிலிருந்து நம்மைத் தேடி வந்தவர்களில் அந்த அமைப்பின் பிள்ளைகளும் இருந்தார்கள். நீங்கள் யார், என்ன மதம், எந்தச் சங்கம் என்று அவர்கள் ஒருவரையும் கேட்கவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்த நாட்டிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது அவர்களுடைய அம்பாறை மாவட்டம். இழந்தவர்களுக்குத்தான் இழப்பு தெரியும்.

இனி, தோழர்கள் கேட்கும் நியாயமான கேள்விக்கு வருவோம். "நம் லயத்திலேயே நோயாளியை ஏற்ற வாகனம் இல்லை. ஊருக்குக் கொடுக்கப் போகிறீர்களா?" கேள்வியில் பிழை இல்லை. 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்தான். ஆனால் அது நிற்கும் பாதைக்கும் நமது கடைசி லயத்துக்கும் இடையில் உள்ள தூரத்தைப் பிள்ளைத்தாய்ச்சியும் நெஞ்சு வலிக்காரரும் கொழுந்து லொறியில்தான் கடக்கிறார்கள்.

என்றாலும் இந்தக் கெப் அந்தக் குறையைத் தீர்க்காது. ஆள் ஏற்றினால் மேட்டு வளைவில் திணறுகிறது. கிளச் இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. மலைக்குச் சோர்ந்துபோன வாகனம் கல்முனையின் சமதரையில் இன்னும் பல வருடம் ஓடும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு. இதைக் காரியாலய வாசலில் நிறுத்தி வைத்தால், "உங்களிடம்தான் வாகனம் இருக்கிறதே" என்று தோட்ட நிர்வாகம் சொல்ல நாமே இடம் கொடுத்ததாகும். ஒழுங்கான பாதையும் நோயாளர் வாகனமும் நமது உரிமைக் கோரிக்கை. பழைய கெப்பைக் காட்டி அதை யாரும் தட்டிக்கழிக்கக் கூடாது.

விற்றுப் பணத்தை அனுப்பலாமே என்றும் கேட்கிறார்கள். 2020 முதல் ஐந்து வருடம் வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்ததால் பழைய வாகனங்களின் விலை ஏறியது உண்மை. ஆனால் அந்தப் பணத்தைக் கொண்டு அவர்கள் வாங்கப்போவதும் பழைய வாகனம்தான். தரகர் கூலி போக மிஞ்சுவதில், முன்பின் தெரியாத வாகனம் ஒன்றைத்தான் வாங்க வேண்டிவரும். நமது கெப்பின் நோய் நமக்குத் தெரியும். அதை மறைக்காமல் எழுதிக் கொடுக்கவும் முடியும்.

அப்படியானால் எப்படிக் கொடுப்பது? அம்பாறைக் கரையே நமக்குப் பாடம் சொல்லும். சுனாமிக்குப் பிறகு இந்த நாட்டுக்கு வந்து குவிந்த பொருட்களில் குளிர் நாட்டுக் கம்பளிச் சட்டைகளும் காலாவதியான மருந்துகளும் இருந்தன. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபிய உதவியுடன் 500 வீடுகள் கட்டப்பட்டன. யாருக்கு வழங்குவது என்ற தகராறு நீதிமன்றம் வரை போனது. வீடில்லாத மக்கள் வெளியே காத்திருக்க, கட்டிய வீடுகள் நீண்ட காலம் பூட்டிக் கிடந்து காடு பிடித்தன. கொடுத்தவரின் மனம் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. யாருக்கு, எதற்கு, யார் பொறுப்பில் என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும்.

ஆகவே நாம் முன்வைக்கும் நிபந்தனைகள் இவை.

முதலாவது, பெயர் மாற்றம். நமது நாட்டில் 'ஓபன் பேப்பர்' பழக்கம் ஒரு தொற்றுநோய். கையெழுத்திட்ட வெற்றுப் படிவத்துடன் வாகனம் கைமாறிக்கொண்டே போகும். நாளை விபத்து நடந்தால் பொலிஸ் தேடி வருவது பதிவுப் புத்தகத்தில் உள்ளவரை. 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டப்படி சங்கச் சொத்து நம்பிக்கைப் பொறுப்பாளர்களின் கையில் இருக்கிறது. அவர்களை அந்தச் சிக்கலில் மாட்டிவிட முடியாது. மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயர் மாறிய பின்பே சாவி கைமாற வேண்டும்.

இரண்டாவது, பெயர் மாறுவது அமைப்பின் பெயருக்கு. தலைவரின் பெயருக்கோ செயலாளரின் பெயருக்கோ அல்ல. 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிவான சமூக சேவை அமைப்பாக இருக்கலாம். வக்புச் சட்டத்தின் கீழ் நம்பிக்கையாளர் சபை உள்ள பள்ளிவாசலாகவும் இருக்கலாம். ஆள் மாறினாலும் வாகனம் பொதுவில் நிற்க வேண்டும்.

மூன்றாவது, உயிர்ப் பாதுகாப்பு. 2024 நவம்பர் 26 அன்று காரைதீவு மாவடிப்பள்ளியில், மத்ரஸா மாணவர்களை ஏற்றி வெள்ளத்தைக் கடந்த உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டது. பிள்ளைகள் பலர் இறந்தார்கள். அந்தரத்தில் மக்கள் கிடைத்த வாகனத்தில் ஏறுவார்கள். நாமும் கொழுந்து லொறியில் ஏறுகிறவர்கள்தானே. அதனால் பிரேக், நான்கு டயர், பற்றரி, விளக்கு எல்லாவற்றையும் நமது செலவில் சரிசெய்து, புகைப் பரிசோதனை முடித்துத்தான் கொடுக்க வேண்டும். கடல் காற்றில் துருப் பிடிக்காதபடி அடிப்பாகத்துக்குப் பூச்சும் அடிக்க வேண்டும்.

நான்காவது, முதல் வருடச் செலவு. காப்புறுதியும் வருமான அனுமதிப்பத்திரமும் இல்லாத வாகனம் கொட்டிலில்தான் நிற்கும். ஓர் அங்கத்தவர் 50 ரூபா வீதம் கொடுத்தால் அந்தச் செலவில் பெரும்பகுதியை நாமே தாங்கலாம்.

ஐந்தாவது, பயன்பாடு. வெள்ள காலத்தில் சமைத்த உணவு கொண்டு போகட்டும். ஜனாஸாவுக்குச் சந்தூக்கு ஏற்றட்டும். மருதமுனைக்கும் சாய்ந்தமருதுக்கும் ஓடுவதுபோலப் பாண்டிருப்புக்கும் பெரியநீலாவணைக்கும் ஓடட்டும். தேர்தல் வேலைக்கு மட்டும் ஒரு நாளும் ஓடக்கூடாது. அதன் கதவில் நமது சங்கத்தின் பெயரைப் பெரிதாக எழுதவும் வேண்டாம். நமக்கு அரிசி கொண்டுவந்த பிள்ளைகள் மூட்டையில் பெயர் எழுதவில்லை.

ஆயிரம் ரூபா சம்பளம் கேட்டு வீதியில் நின்ற காலத்துச் சந்தாப் பணத்தில் வாங்கிய வாகனம் இது. கொழுந்து பறித்த கைகளின் காசு. அதைக் கொடுப்பதற்கான உரிமை தலைவர்மாருக்கு அல்ல, உங்களுக்குத்தான். பொதுக்கூட்டத்துக்கு வாருங்கள். கேள்வி கேளுங்கள். நிபந்தனைகளைக் கூட்டுங்கள், குறையுங்கள். பிறகு கை உயர்த்துங்கள்.