மாடு நிற்கும், யந்திரம் நிற்காது

புரட்டாசி மாதத்தில் ராமநாதபுரம் ஜில்லாவுக்குப் போகிறவர்கள், வானத்தைப் பார்க்காமல் பேசும் குடியானவரைக் காண்பது அரிது. மழையை நம்பிய பூமி. ஐப்பசி மழைக்கு முன் புழுதி உழவு முடிந்து விதை மண்ணுக்குள் போயாக வேண்டும். திருவாடானையிலும் ராஜசிங்கமங்கலத்திலும் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் டிராக்டர் வேண்டும். டிரைவரோ ஒருவர், அவருக்கும் தூக்கம் உண்டு. அப்போதுதான் வீட்டுப் பிள்ளையை ஆசனத்தில் ஏற்றிவிடுகிறார்கள்.

அப்படி ஒரு பிள்ளையைச் சமீபத்தில் பார்த்தேன். வயது பதினான்கு இருக்கலாம். "யார் சொல்லிக் கொடுத்தது, தம்பி?" என்று கேட்டேன்.

"மட்கார்டுல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன், ஐயா. தானா வந்துருச்சு" என்றான்.

பக்கத்தில் நின்ற தகப்பனார் முகத்தில் பெருமை பொங்கிற்று. எனக்கோ வயிற்றைக் கலக்கிற்று.

நம் பாட்டன்மார் ஏர் பிடிக்கக் கற்றதும் இப்படித்தான். ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்தில் மாடும் ஓர் உபாத்தியாயர். பையன் இடறி விழுந்தால் பழகிய மாடு நின்றுவிடும். யந்திரத்துக்கு அந்தத் தயவு கிடையாது. டிராக்டரின் பின்புறமுள்ள பி.டி.ஓ. தண்டு நிமிஷத்துக்கு 540 சுற்று, அதாவது விநாடிக்கு 9 சுற்றுச் சுழல்கிறது. துண்டின் முனையை அது பற்றினால், "ஐயோ" என்பதற்குள் காரியம் முடிந்துவிடும். சக்கரம் சேற்றில் புதைந்திருக்கும்போது எஞ்சினை முடுக்கினால், முன்பக்கம் தூக்கிக்கொண்டு வண்டி பின்புறமாகக் கவிழ இரண்டு விநாடி போதும்.

ஆகையால் பாடத்தின் வரிசையை மாற்ற வேண்டும். முதற் பாடம் நிறுத்துவது: எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து, சுழல்வதெல்லாம் நின்ற பிறகே கலப்பையைத் தொடுவது. இரண்டாவது, பிரேக்கின் இரகசியம்: வயலில் திரும்புவதற்காக இரண்டு பிரேக் மிதிகளும் தனித்தனியே இயங்கும். சாலைக்கு வருமுன் அவற்றைச் சேர்த்துப் பூட்டாமல், வேகத்தில் ஒன்றை மட்டும் மிதித்தவன் வண்டியோடு புரள்வான். மூன்றாவது, பாரம் இழுக்கும் சங்கிலியைத் தாழ்ந்த கொக்கியிலன்றி உயரே மாட்டலாகாது. நான்காவது, ஓர் ஆசனத்துக்கு ஓர் ஆள், மட்கார்டு திண்ணையல்ல.

கவிழும் வண்டியைப் பற்றிப் பிற தேசத்தாரும் கவலைப்பட்டார்கள். புதிய டிராக்டர்களில் ஓட்டுகிறவரைக் காக்கும் இரும்புச் சட்டம் கட்டாயம் என்று ஸ்வீடன் 1959-ல் விதித்தது. அங்கே அத்தகைய மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. நம் நாட்டிலும் பயிற்சி நிலையங்கள் உண்டு; மத்தியப் பிரதேசத்தில் புத்னி, தெற்கே அனந்தப்பூர் ஜில்லாவில் கார்லதின்னே. ஆனால் திருவாடானைப் பையன் அவ்வளவு தூரம் எங்கே போகிறான்?

18 வயதாகாதவன் சாலையில் டிராக்டர் ஓட்டலாகாது. அப்படி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், 2019-ஆம் வருஷத்துச் சட்டத் திருத்தத்தின்படி பெற்றோரோ வண்டிக்குச் சொந்தக்காரரோ 3 வருஷம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் ஏற்க நேரிடும். வரப்பைத் தாண்டிவிட்டால் அங்கே தகப்பனார்தான் சட்டம்.

அந்தத் தகப்பனாருக்கு ஒரு யோசனை. சித்திரையில் வயல் சும்மா கிடக்கிறது, பள்ளிக்கூடமும் விடுமுறை. எஞ்சின் அணைந்த வண்டியில் பிள்ளை எல்லாவற்றையும் சாவகாசமாகக் கற்கட்டும். ஆசனம் பதினெட்டு வயது வரையில் காத்திருக்கும்.

பாம்பன் கரையில் கடலுக்குப் போகும் பிள்ளையிடம் எடுத்த எடுப்பில் சுக்கானைக் கொடுப்பாருண்டோ? கடலிடம் உள்ள அந்தப் பயத்தில் கொஞ்சம் வயற்காட்டுக்கும் வேண்டும். விதைப்பு இரண்டு நாள் தாமதமானால் விளைச்சல் சற்றுக் குறையலாம். அவ்வளவுதான்.