என்ன பூசினீர்கள் என்று கேட்டால்

கார்த்திகை மழை ஓய்ந்த ஒரு காலையில், பட்டாபிராம் பக்கத்திலிருந்து ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் தம் மனைவியுடன் எங்கள் தோல் மருத்துவப் பிரிவுக்கு வந்தார். காலி மனைகளில் செடிகொடிகளை அகற்றுவது அவருடைய வேலை. இமைகள் வீங்கியிருந்தன. கழுத்தும் முழங்கை மடிப்புகளும் தடித்து நீர் கசிந்துகொண்டிருந்தன. ஏதாவது பூசினீர்களா என்று கேட்டோம். "ஒன்றும் இல்லை, ஐயா" என்றார். காது மடலின் பின்புறத்தில் மட்டும் மஞ்சள் ஒட்டியிருந்தது.

மருந்துச்சீட்டு எழுதி முடித்த பிறகு அவருடைய மனைவி தயங்கித் தயங்கி உண்மையைச் சொன்னார். குப்பைமேனியும் மஞ்சளும் அரைத்து நான்கு நாள் பூசினார்களாம். குறையாததால் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய களிம்பைப் பத்து நாள் தடவினார்களாம். மருத்துவமனைக்குப் புறப்படும் முன் அனைத்தையும் குழாயடியில் தேய்த்துக் கழுவிவிட்டு வந்திருக்கிறார்கள். "சொன்னா திட்டுவீங்கன்னு பயந்துட்டாரு" என்றார் அந்த அம்மா.

எழுதிய சீட்டைக் கிழித்துவிட்டு வேறு சீட்டு எழுத வேண்டியதாயிற்று. அன்று முதல் எங்களுக்குள் எழுந்த பேச்சின் விளைவே இக்கட்டுரை. வீட்டு வைத்தியத்தை எதிர்த்து இதனை நாங்கள் எழுதவில்லை. எதனை வீட்டிலேயே செய்யலாம், எதனைச் செய்யலாகாது என்பதைச் சொல்லவும், செய்ததை எங்களிடம் மறைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவுமே எழுதுகிறோம்.

செடி பட்டு வரும் அரிப்புக்கு என்ன செய்வது என்று கைப்பேசியில் தேடுவோருக்குப் பெரும்பாலும் கிடைப்பது 'பாய்சன் ஐவி' என்னும் நச்சுக்கொடியைப் பற்றிய குறிப்புகள். வட அமெரிக்காவில் வேலியோரங்களில் படரும் அக்கொடி ஆவடியிலோ அம்பத்தூரிலோ கிடையாது. ஆயினும் அதன் உறவினர்கள் நம்மிடையே உண்டு. மா, முந்திரி, சேராங்கொட்டை ஆகிய மூன்றும் அதே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. மாங்காய்க் காம்பிலிருந்து வடியும் பால் பட்டு வாயோரம் வெந்துபோகும் பிள்ளைகளைக் கோடைதோறும் காண்கிறோம். சேராங்கொட்டைச் சாறு துணியில் அழியாத கறை தருவதால், சலவைத் தொழிலாளர்கள் அதைக் கொண்டு துணிகளுக்கு அடையாளக் குறி இட்டனர். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவுக்கு வந்த அமெரிக்கப் படைவீரர்களுக்கு, அக்குறி உடலில் பட்ட இடங்களில் எல்லாம் கொப்புளம் எழுந்தது. 1943இல் அமெரிக்க மருத்துவர்கள் இதனைப் பதிவு செய்துள்ளனர்.

நமது புறநகரில் மிகுந்த தொல்லை தருவது மற்றொரு செடி. கேரட் இலை போன்ற இலையும் வெண்ணிறச் சிறு பூக்களும் கொண்டு, மழைக்குப் பின் காலி மனைகளிலும் இருப்புப்பாதை ஓரங்களிலும் இடுப்பளவு வளர்ந்து நிற்கும் பார்த்தீனியமே அது. அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட இச்செடி, 1950களில் புனே நகரில் பரவலாகக் கண்ணில் பட்டது. இறக்குமதி செய்யப்பட்ட கோதுமையுடன் வந்திருக்கலாம் என்பது பலரின் கருத்து. இதன் நுண்துகள்கள் காற்றில் பறந்து வந்து படிவதால், செடியைத் தொடாதவருக்கும் இமை, கழுத்து, முழங்கை மடிப்பு ஆகிய இடங்களில் அழற்சி தோன்றும். பல ஆண்டுகள் இதனிடையே நடந்தும் ஒன்றும் நேராத ஒருவருக்குத் திடீரென ஒவ்வாமை தொடங்கலாம். அவ்வாறு தொடங்கியபின், அதே குடும்பத்தைச் சேர்ந்த சாமந்திப் பூவும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் போகும்.

இத்தகைய அரிப்புக்கு முதல் மருந்து நம் வீட்டுக் குழாயிலேயே இருக்கிறது. செடியின் பால் பட்டவுடன் ஓடும் நீரில் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். சில நிமிடங்களுக்குள் கழுவினால் பலன் அதிகம். நகக்கண்களையும் கழுவ வேண்டும்; உடுத்திய துணியைத் தனியே துவைக்க வேண்டும். அரிப்பு தொடங்கிவிட்டால், தூய பருத்தித் துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து, கால் மணி நேரம் போர்த்தி வைக்கலாம். நாளுக்கு மூன்று நான்கு முறை இதனைச் செய்யலாம். தோல் உடையாத இடத்தில் காலமைன் நீர்மம் தடவலாம். நீர் வற்றித் தோல் உலர்ந்த பிறகு தேங்காய் எண்ணெய் நல்லது. இவற்றை நம் பாட்டிமார்களும் செய்தார்கள், நாங்களும் பரிந்துரைக்கிறோம்.

செய்யலாகாதவை சில உண்டு. வெந்நீர் ஊற்றினால் அரிப்பு ஒரு கணம் அடங்கியது போலிருந்து, பின்னர் இரு மடங்காகும். சுண்ணாம்பும் பூண்டும் தோலைச் சுட்டுப் புண்ணாக்கும். எலுமிச்சைச் சாறு பூசிய தோலில் வெயில் பட்டால் கொப்புளமும் கருந்தழும்பும் உண்டாகும். கிருமிநாசினித் திரவத்தை நீர் கலவாமல் ஊற்றுவதும் தோலை எரிக்கும். மஞ்சளும் குப்பைமேனியும் பலருக்குத் தீங்கு செய்வதில்லை என்பது உண்மையே. ஆனால், உடைந்து நீர் கசியும் தோல் காவல் இல்லாத வீட்டைப் போன்றது. அதன்மீது அரைத்துப் பூசும் எதுவும் எளிதில் உள்ளே சென்று, சிலருக்குப் புதியதோர் ஒவ்வாமையைத் தொடங்கி வைக்கும். நம் மரபு இதனை அறியாததன்று. சேராங்கொட்டையைச் சுத்தி செய்யாமல் மருந்தாக்கக் கூடாது என்பது சித்த மருத்துவத்தின் விதி. கையில் கிடைத்த பச்சிலையை அரைத்து அப்புவதை, அம்மரபை அறிந்தவர்கள் மருத்துவம் என்று சொல்ல மாட்டார்கள்.

எனினும் பச்சிலையைவிட எங்களை அச்சுறுத்துவது மருந்துக்கடைக் களிம்பே. அம்மி இருந்த இடத்தில் இன்று அது வந்து அமர்ந்திருக்கிறது. ஒரே குழாயில் வீரியமிக்க ஸ்டீராய்டும், பூஞ்சைக் கொல்லியும், நுண்ணுயிர்க் கொல்லியும் கலந்து வரும் களிம்புகள் இரண்டே நாளில் சிவப்பைக் குறைத்துவிடும். ஆகவே அவை 'நல்ல மருந்து' என்று பெயர் பெற்று, அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் கைமாறுகின்றன. வாரக்கணக்கில் முகத்தில் தடவினால் தோல் மெலிந்து, நிறம் மாறி, நிறுத்திய மறுநாளே முன்னைவிடச் சிவந்து எரியும். அரிப்பு உண்மையில் படர்தாமரையாக இருந்தால், அது அடங்கியது போல் நடித்துக்கொண்டே உடலெங்கும் பரவும். 2018ஆம் ஆண்டு மத்திய அரசு 14 வகை மேற்பூச்சு ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத மருந்துகளின் அட்டவணையில் கொண்டுவந்தது இக்காரணங்களால்தான். அட்டவணை மாறினாலும் கேட்டு வாங்கும் பழக்கம் மாறவில்லை. ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டு அஞ்சவும் வேண்டாம். உரிய வீரியத்தில், உரிய நாள் கணக்கில், மருத்துவர் சொன்னபடி பயன்படுத்தினால் செடி ஒவ்வாமைக்கு அதுவே சிறந்த மருந்து.

எதைப் பூசினீர்கள் என்று நாங்கள் கேட்பதன் பொருள் இப்போது விளங்கும். களிம்பு தடவிய தோல் தன் உண்மை முகத்தைக் காட்டுவதில்லை. அரிப்பைத் தருவது செடியா, செடிக்காகப் பூசிய பச்சிலையா என்பதும் தெரியாது. முதுகில் ஒட்டி இரண்டு நாள் கழித்தும் நான்கு நாள் கழித்தும் பார்க்கும் ஒட்டுச் சோதனைக்குக்கூட, எந்தெந்தப் பொருளைச் சேர்ப்பது என்பது தங்கள் பதிலைப் பொறுத்தது. ஆதலால் களிம்புக் குழாயையும், அரைத்த இலையில் ஒரு கிளையையும் பையில் போட்டு எடுத்து வாருங்கள்.

செடி அரிப்பு போலத் தோன்றும் வேறு நோய்களும் உண்டு. உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாகக் கொப்புளமும் வலியும் வந்தால் அது அக்கியாக இருக்கலாம். காவிமண்ணால் அக்கி எழுதும் வழக்கத்தை நாங்கள் பழிக்க மாட்டோம். ஆனால் மூன்று நாளுக்குள் வைரஸ் எதிர்ப்பு மருந்து தொடங்குவது முக்கியம். நெற்றியிலோ கண்ணருகிலோ வந்தால் அன்றே வர வேண்டும். இரவில் அரிப்பு மிகுந்து, வீட்டில் மற்றவர்களும் சொறிந்தால் அது சிரங்காக இருக்கலாம், அது தொற்றும். செடி ஒவ்வாமையோ ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவாது. கொப்புள நீராலும் பரவாது. ஆகவே அந்நோயாளிக்குத் தனித் தட்டும் தனிப் பாயும் வேண்டாம்.

கண்ணோ முகமோ வீங்கினால், சீழோ காய்ச்சலோ கண்டால், உடலின் பெரும்பகுதியில் பரவினால், ஒரு வாரத்தில் குறையாவிட்டால், வீட்டு வைத்தியத்தை அத்துடன் நிறுத்திவிட்டு வாருங்கள். கைக்குழந்தைகளும் கர்ப்பிணிகளும் நீரிழிவு உள்ளவர்களும் ஒரு வாரம் காத்திருக்க வேண்டாம். மூச்சுத் திணறினால் உடனே 108ஐ அழையுங்கள்.

பட்டாபிராம் அன்பருக்கு இப்போது முகம் தெளிந்துவிட்டது. ஆனால் அவர் வேலைக்குப் போகும் மனைகளில் செடி அப்படியே நிற்கிறது. மருந்து எழுதுவது எங்களால் ஆகும். தெருவைத் தெளிவாக்க எங்களால் மட்டும் ஆகாது. பூக்கும் முன், ஈர மண்ணில், கையுறையும் முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் அணிந்து வேரோடு பிடுங்குவதே பார்த்தீனியத்துக்கு ஏற்ற வழி. ஏற்கெனவே ஒவ்வாமை உள்ளவர்கள் அவ்வேலையில் இறங்க வேண்டாம். பிடுங்கியதை எரிக்கவும் வேண்டாம். தம் மனையைப் புதராக விட்டுவிட்டு வேறூரில் வாழ்வோர், அதன் காற்றைச் சுவாசிப்பவர்களைச் சற்றே நினைத்துப் பார்க்க வேண்டும். அம்பத்தூரில் உள்ளோர் சென்னை மாநகராட்சிக்கும், ஆவடியில் உள்ளோர் ஆவடி மாநகராட்சிக்கும், பூவிருந்தவல்லியில் உள்ளோர் நகராட்சிக்கும் தெருவாக ஒன்றுசேர்ந்து மனு அளித்தால் தனிக்குரலைவிடப் பலன் கிட்டும்.

எங்கள் பங்குக்கு நாங்கள் ஓர் உறுதி தருகிறோம். அரிப்பு பொறுக்காமல் நடுஇரவில் கையில் கிடைத்ததைப் பூசியது குற்றமன்று. அதற்காகத் தங்களைக் கடிந்துகொள்ள மாட்டோம். முன்பு எவரேனும் எங்களுள் கடிந்திருந்தால் பொறுத்தருளுங்கள். அடுத்த முறை வரும்போது முகத்தைக் கழுவாமலே வாருங்கள்.