தரம் யாருடைய சொல்?

நீதிபதி நியமனத்தில் ஜாதியைக் கணக்கெடுப்பது தரத்தைக் குழிதோண்டிப் புதைக்கிற காரியம் என்றார் நண்பர் ஒருவர். கவிதை எழுதுகிறவர். இலக்கியத்தில் தரம், தரம் என்று நிற்கிற நீர் ஹைகோர்ட் விஷயத்தில் மட்டும் ஏன் தலையெண்ணக் கிளம்புகிறீர் என்று கேட்டார். நியாயமான கேள்வி. வாய்ப்பேச்சில் தப்பித்துக்கொள்ளாமல் அச்சில் பதில் சொல்வதே மரியாதை.

முதலில் ஒரு பழைய சங்கதி. சென்னை ஹைகோர்ட்டின் முதல் இந்திய நீதிபதியாக முத்துசாமி ஐயர் நியமனமானபோது வெள்ளைக்காரர்கள் நடத்திய பத்திரிகைகள் எதிர்த்தன. அந்த எதிர்ப்புக்குப் பதில் சொல்ல ஆறு இளைஞர்கள் கூடி 1878 செப்டம்பரில் ஆரம்பித்ததுதான் 'ஹிந்து'. இன்று ஹைகோர்ட்டுக்குள் அவருக்குப் பளிங்குச் சிலை இருக்கிறது. அன்றைக்கும் அவரிடம் தகுதி இருந்தது. அதைக் காணும் கண்தான் எதிரே இருந்தவர்களிடம் இல்லை. தன் ஜாடை இல்லாதவனிடம் தகுதியைக் காண மறுப்பது நாற்காலியின் பழைய வியாதி.

இன்று நாற்காலி யாரிடம்? 1993 தீர்ப்புக்குப் பின் நீதிபதிகளைத் தேர்ந்தெடுப்பதில் நீதிபதிகளின் சொல்லே மேலோங்கியது. ஹைகோர்ட்டின் தலைமை நீதிபதியும் அடுத்த மூத்தவர் இருவரும் பெயர்களைத் தொடங்கிவைக்கிறார்கள். இதை மாற்றப் பார்லிமென்ட் கொண்டுவந்த கமிஷனை 2015இல் சுப்ரீம் கோர்ட் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் ரத்து செய்தது. அரசாங்கத்தின் கைக்குக் கோர்ட் போய்விடக்கூடாது என்பதில் எனக்கும் சம்மதமே. ஆனால் தலைமை நீதிபதியும் மனிதர்தான், மனிதருக்குரிய பலவீனங்களும் சாய்வுகளும் அவருக்கும் உண்டு, அவர் கையில் கடைசிச் சொல்லைக் கொடுப்பது ஆபத்து என்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் 1949 மே 24இல் எச்சரித்தார். அதை வசதியாக மறந்துவிட்டோம்.

2018லிருந்து 2023 ஜூலை வரை நியமனமான ஹைகோர்ட் நீதிபதிகள் 604 பேர். பார்லிமென்டில் அரசாங்கம் தந்த கணக்குப்படி அதில் பொதுப்பிரிவினர் 458, பிற்பட்டோர் 72, பட்டியல் ஜாதியினர் 18, பழங்குடியினர் 9. தகுதியானவர்கள் கிடைக்கவில்லை என்பார் நண்பர். தேடியது யார், எங்கே? சீனியரின் அறையில் வருஷக்கணக்கில் கிடைத்ததை வாங்கிக்கொண்டு ஜூனியராக இருக்க வீட்டில் சோறு வேண்டும். கனமான கட்சிக்காரர்கள் வர, ஊரில் உறவு வேண்டும். பரிசீலனையில் வக்கீலின் வருமானமும் பார்க்கப்படுகிறது. பரம்பரையாகக் கிடைத்த வசதியை முன்வாசலில் வாங்கிக்கொண்டு பின்வாசலில் தகுதி என்று முத்திரை குத்தித் தருகிற ஏற்பாடு இது. அடையாள அரசியல் என்று இதற்குப் பெயர் வைக்க ஏன் நமக்கு நா எழவில்லை?

இலக்கியத்தில் நான் ஒரு கவிதையை நிராகரித்தால் காரணத்தை என் பெயர் போட்டு எழுதுகிறேன். அடுத்த இதழில் இன்னொருவர் அதைக் கிழிக்கலாம். கிழிபடத் தயாராக இருக்கிற தீர்மானத்துக்குத்தான் தரம் என்ற சொல்லைப் பயன்படுத்த உரிமை உண்டு. மூடிய அறையில் மூன்று பேர் தலையசைத்ததற்கு அந்தச் சொல்லை இரவல் தர நான் தயாரில்லை.

இனி வெண்மணி. 1968 டிசம்பர் 25இல் 44 பேர் எரிந்தார்கள். கீழ்க்கோர்ட் தண்டித்த மிராசுதார்களை 1973இல் சென்னை ஹைகோர்ட் விடுவித்தது. நிலபுலன் உள்ள பெரிய மனிதர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பக்கூடியதாக இல்லை என்று அந்தத் தீர்ப்பு எண்ணியது. சட்ட ஞானத்தில் அந்த நீதிபதிகளை யாரும் குறை சொன்னதில்லை. நம்புவதற்கு எது, நம்பாததற்கு எது என்பதைச் சட்டப் புத்தகம் சொல்லித் தருவதில்லை; வாழ்ந்த தெரு சொல்லித் தருகிறது. எல்லோரும் ஒரே தெருவிலிருந்து வந்தால் கோர்ட்டுக்கு ஒரு கண்தான் இருக்கும். நான் பலதரப்பட்டவர்கள் வேண்டும் என்பது தர்மம் செய்வதற்காக அல்ல. உண்மையை அறிகிற வேலையே அதைக் கேட்கிறது. 'குருதிப்புன'லை வைத்துக்கொண்டு நம் பத்திரிகைகள் போட்ட சண்டையில் பத்தில் ஒரு பங்காவது அந்தத் தீர்ப்பின் வாக்கியங்கள்மேல் போட்டிருக்கலாம்.

இத்தனையும் கேட்டு எதிர்முகாமில் கைதட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1980 டிசம்பரில் வரதராஜன் சுப்ரீம் கோர்ட்டின் முதல் தலித் நீதிபதியானார் என்பதை மேடைக்கு மேடை சொல்கிறீர்கள். அவர் எழுதிய ஒரு தீர்ப்பையாவது படித்தவர் உங்களில் எத்தனை பேர்? நம்ம ஆள் உட்கார்ந்தாயிற்று என்று மாலையோடு திரும்பிவிடுவதும் அந்த மனிதரைத் தலையெண்ணிக்கையாகக் குறைப்பதுதான். அவர் எழுதியதை வரி வரியாகப் படித்து, ஏற்கவும் மறுக்கவும் செய்வதே அவருக்குச் செய்கிற மரியாதை. பிறப்பு ஒருவரை உள்ளே விட மறுக்கக்கூடாது. உள்ளே வந்தபின் விமர்சனத்திலிருந்து காப்பாற்றவும் கூடாது.

நண்பருக்கு என் பதில் இவ்வளவுதான். அளவுகோலை எழுதி வையுங்கள்; எங்கெல்லாம் தேடினீர்கள் என்று சொல்லுங்கள்; ஒருவரை எடுத்ததற்கும் ஒருவரை விட்டதற்கும் காரணம் எழுதுங்கள். அதன்பிறகு தரம் பற்றிப் பேசுவோம். அதுவரை அது நம் சொல். அவர்களுக்கு வக்காலத்து வாங்கப் பயன்படுத்தாதீர்கள்.