நியாய வாடகை எங்கே?

சாரல் விழுந்தால் குற்றாலத்துக்குக் கொண்டாட்டம். செங்கோட்டையில் வாடகைக்கு வீடு தேடும் தொழிலாளிக்கோ திண்டாட்டம்! சீசன் பிறந்துவிட்டால் அருவியைச் சுற்றியுள்ள வீடுகளின் வாடகை நாள் கணக்கில் ஓடுகிறது. நாள் வாடகை தரும் பயணி வாசலில் நிற்கும்போது, மாத வாடகை தரும் மர அறுவை மில் தொழிலாளியை யார் திரும்பிப் பார்ப்பார்?

2019 நவம்பர் 22-ல் தென்காசி தனி மாவட்டமாயிற்று. அலுவலகங்கள் வந்தன, அலுவலர்கள் வந்தனர். வரவேற்கிறோம்! ஆனால் வந்தவர்க்கும் இருந்தவர்க்கும் போதுமான வீடுகள் வந்தனவா?

காலி வீடு கண்டு கதவைத் தட்டினால், முதல் கேள்வி வாடகை பற்றியா? இல்லை. "நீங்க என்ன ஆளுக?" என்பதே! அந்தக் கேள்வியைத் தாண்டினால் முன்பணம். முன்பணம் கட்டிக் குடிபுகுந்தால் கரண்டு கணக்கு. வீட்டு இணைப்புக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016-ல் அரசு அறிவித்தது. வளவுக்குள் ஒரே இணைப்பிலிருந்து கிளை மீட்டர் வைத்து, முதல் யூனிட்டிலிருந்தே காசு வாங்கினால், அந்த இலவசம் யார் வீட்டு விளக்கை எரிக்கிறது?

சட்டம் இல்லையா என்பீர்கள். இருந்தது. 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, நியாய வாடகையை நிர்ணயிக்கக் கோரிக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் போகலாம். 2017-ல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் அதை நீக்கிவிட்டது. இருவரும் பேசி ஒப்புக்கொண்டதே வாடகை என்கிறது. ஒப்புக்கொண்டதாம்! கைக்குழந்தையும் பெட்டியுமாகத் தெருவில் நிற்பவன், மூன்று வீடு வைத்திருப்பவரோடு சமமாக உட்கார்ந்து பேரம் பேசுவானா?

ஆயினும் அந்தச் சட்டத்திலும் நமக்குப் பயன்படும் ஆயுதங்கள் உண்டு. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதைத் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். முன்பணத்துக்கு அது வைத்திருக்கும் அளவுகோல் மூன்று மாத வாடகை. குடியிருப்பவரை விரட்டத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது. இதை அறியாமல் எத்தனை பேர் வாய்ப்பேச்சை நம்பி, ஒரே இரவில் சாமான்களை வண்டியில் ஏற்றியிருக்கிறார்கள்!

எனவே தோழர்களே, கிளைதோறும் வாடகைக் குடித்தனங்களின் பட்டியல் எடுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த தோழர் ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கட்டும். பதிவுக்கும் உடன் செல்லட்டும். பீடி சுற்றும் தாய்மாரின் வீட்டிலிருந்து இந்த வேலை தொடங்கட்டும். அவர்களுக்கு வீடே தொழிற்கூடம். வீடு போனால் வேலையும் தடுமாறும்.

அரசிடம் நாம் கேட்பவை இரண்டு. நியாய வாடகை நிர்ணயத்தைச் சட்டத்தில் மீண்டும் சேர்க்க வேண்டும். 1961-ல் பிறந்த வீட்டு வசதி வாரியம், செங்கோட்டையிலும் தென்காசியிலும் உழைப்பவர் கூலிக்கு எட்டும் வாடகையில் குடியிருப்புகள் கட்ட வேண்டும்.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது பழமொழி. ஊருக்கெல்லாம் வீடு கட்ட மரம் அறுத்துத் தருகிறவன் கேட்பது, மாதக்கூலியில் பாதியை விழுங்காத ஒரு கூரை. அதைப் பெறும்வரை கேட்போம், ஒன்றாய் நின்று கேட்போம்!