எல்லாம் பொய்தானே மச்சி?

போன சனிக்கிழமை ராத்திரி பதினொன்றரைக்கு வீட்டுக்குள் நுழைந்தேன். தொண்டை கட்டியிருந்தது. ஜாக்கெட் முழுக்க பாப்கார்ன் வாசனை. கையில் எனக்குச் சேராத அளவில் ஒரு டி-சர்ட். சோஃபாவில் படுத்து மொபைலை நோண்டிக்கொண்டிருந்த ரூம்மேட் (மதுரைக்காரன்) தலையைத் தூக்காமலே கேட்டான், எங்கடா போன என்று. ரெஸ்லிங் ஷோவுக்கு என்றேன். அவ்வளவுதான், எழுந்தே உட்கார்ந்துவிட்டான்.

"இருபத்தஞ்சு டாலர் குடுத்தா? எல்லாம் பொய்தானே மச்சி! மூணாங்கிளாஸ் பையனுக்கே தெரியும். மாஸ்டர்ஸ் படிக்க வந்துட்டு..."

மாஸ்டர்ஸ் படிக்க வந்தவனுக்கும் தெரியும் அய்யா. யார் ஜெயிக்கப் போகிறார் என்பது ஆட்டம் தொடங்கும் முன்பே முடிவாகிவிடுகிறது. இருவரும் பேசி வைத்துக்கொண்டுதான் மேடை ஏறுகிறார்கள். இந்த ரகசியத்தை எனக்கு உடைத்துச் சொல்லும் பத்தாவது ஆள் இவன். ஸ்கூலில் ட்ரம்ப் கார்டு வைத்து அண்டர்டேக்கரின் உயரத்தையும் எடையையும் ஒப்பித்துக்கொண்டிருந்த காலத்திலேயே சித்தப்பா சொல்லிவிட்டார். அன்றைக்கு அழுதேன். இப்போது அழுகை வரவில்லை, கோபம்தான் வருகிறது. கோபம் அந்த 'பொய்' என்ற வார்த்தை மேல். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். டென் ஸ்போர்ட்ஸில் நாம் பார்த்து வளர்ந்த வாணவேடிக்கை எல்லாம் இதில் கிடையாது. நியூ ஜெர்சியிலும் பக்கத்து ஃபிலடெல்ஃபியாவிலும் சின்னச் சின்ன கம்பெனிகள் நிறைய உண்டு. வாடகைக்கு ஒரு ஹால் பிடித்து, மடக்கு நாற்காலி போட்டு, நடுவில் ரிங் கட்டி ஷோ நடத்துவார்கள். நான் போனது முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தின் ஹால். சுவரில் சங்கத் தலைவர்களின் ஃபோட்டோ வரிசையாக மாட்டியிருக்கிறது, மூலையில் ஒரு கொடி. நம்ம ஊர் கல்யாண மண்டபத்தில் பந்திக்கு முன் இருக்குமே ஒரு சத்தம், அதே சத்தம். கூட்டம் நூற்றைம்பது பேர் இருந்தால் அதிகம். அதில் முப்பது பேர் ரெஸ்லர்களின் சொந்தக்காரர்கள் என்று நினைக்கிறேன்.

சின்ன இடம் என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம். 2002 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியாவில் ரிங் ஆஃப் ஹானர் என்ற புதுக் கம்பெனி தன் முதல் ஷோவை நடத்தியது. அதில் கடைசி ஆட்டம் ஆடிய மூவரில் ஒருவர் பிரையன் டேனியல்சன். 2014-ல் ரெஸில்மேனியா 30-ல் பட்டம் ஜெயித்தாரே, டேனியல் பிரையன், அவரேதான்.

டிவியில் பார்ப்பவர்களுக்குத் தெரியாத ஒன்று, சத்தம். ரிங் என்பது மெத்தை கிடையாது. இரும்புச் சட்டம், அதன் மேல் மரப்பலகை, அதன் மேல் மெல்லிசாக ஒரு ஃபோம், அதன் மேல் இழுத்துக் கட்டிய கித்தான். நூறு கிலோ ஆள் அதன் மேல் மல்லாக்க விழும்போது என் நாற்காலி அதிர்ந்தது. விழுவதற்கென்றே மாதக்கணக்கில் பயிற்சி எடுக்கிறார்கள். தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பின்மண்டை போய் மோதும். முதுகு முழுக்க ஒரே நேரத்தில் தரையில் பட வேண்டும். கைகளை விரித்து அறைய வேண்டும், வேகம் ஒரே இடத்தில் இறங்காமல் பரவும். பயிற்சியால் வலி குறையும், ஆனால் போய்விடாது. நெஞ்சில் உள்ளங்கையால் பளாரென்று அறைவார்களே, அதற்குப் பயிற்சியும் கிடையாது, தந்திரமும் கிடையாது. அது அறை, அவ்வளவுதான். மூன்றாவது வரிசையிலிருந்து பார்த்தேன், ஐந்து விரலும் தனித்தனியாகச் சிவந்து தெரிந்தது.

ஆக, முடிவு முன்பே எழுதப்பட்டது. விழுவது நிஜம். இரண்டையும் சேர்த்து 'பொய்' என்று ஒரே பொட்டலமாகக் கட்டுகிறோமே, அது என்ன நியாயம்? பாரதக் கூத்து பார்க்கப் போய், "துச்சாதனன் நிஜமா சேலையை உருவலை, எல்லாம் பேசி வச்சது"ன்னு யாராவது பக்கத்தில் இருக்கிறவர் காதில் ஓதுவார்களா? ஓதினால் ஊரே சேர்ந்து துரத்தும். நம்பியாரைத் திரையில் பார்த்து மண்ணை வாரித் தூற்றிய பாட்டிகளுக்கு அவர் பெரிய ஐயப்ப பக்தர் என்பது தெரியாமலா இருந்தது? பல பேருக்குத் தெரியும். தெரிந்தேதான் திட்டினார்கள். அந்தத் திட்டு அவருடைய சம்பளத்தில் ஒரு பகுதி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "இது பொய்" என்று சட்டபூர்வமாகப் பதிவு செய்தது யார் தெரியுமா? என் ரூம்மேட் மாதிரி நக்கல் பேர்வழிகள் இல்லை. முதலாளிகள்! 1989-ல், இதே நியூ ஜெர்சி மாநில செனட்டில், அன்றைய டபிள்யூ.டபிள்யூ.எஃப். தரப்பு தன் வாயாலேயே ஒப்புக்கொண்டது: இது நிஜப் போட்டி அல்ல, பார்வையாளர்களை மகிழ்விக்க நடத்தும் பொழுதுபோக்கு என்று. அதற்கு முன் எத்தனையோ வருஷம் அந்த ரகசியத்தை உயிரைக் கொடுத்துக் காப்பாற்றியவர்கள் திடீரென்று உண்மை விளம்பியாக மாறியது ஏன்? போட்டி என்றால் மாநில விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாடு வரும். லைசென்ஸ், கட்டணம், வரி. கூடவே, ஆட்டத்துக்கு முன் ரெஸ்லர்களுக்கு மருத்துவப் பரிசோதனை. பொழுதுபோக்கு என்றால் இதெல்லாம் தேவையில்லை என்பதுதான் அவர்கள் வாதம்.

நன்றாகக் கவனியுங்கள். டாக்டரைக் கழற்றிவிடுவதற்குப் பயன்பட்ட வார்த்தை அது. இன்றைக்கு நாம் அதையே புத்திசாலித்தனம் என்று நினைத்துக்கொண்டு சொல்கிறோம்.

இதுவரை ரூம்மேட்டைத் திட்டினேன். உண்மையில் அவன் பாவம், ஷோவுக்கே வராதவன். அவனால் யாருக்கும் அடிபடவில்லை. நான் திட்ட வேண்டியது மூன்றாவது வரிசையை. அதில் என்னையும்.

இந்த சின்ன ஷோக்களுக்கு வரும் கூட்டத்தில் ஒரு வகை உண்டு. எல்லாம் தெரிந்த ரசிகர்கள். உள்ளே பேசும் பரிபாஷை தெரியும், எந்த அடிக்கு ஜப்பானில் என்ன பெயர் என்று தெரியும். வில்லன் வந்தால் திட்ட மாட்டார்கள், "நல்லா வேலை செய்றான்" என்று மார்க் போடுவார்கள். யாராவது கால் தவறினால் போச்சு. "சொதப்பிட்டே! சொதப்பிட்டே!" என்று தாளம் போட்டுக் கத்துவார்கள் (ஒரிஜினல் கோஷம் இதைவிடக் கெட்ட வார்த்தை, எழுத முடியாது). ஃபிலடெல்ஃபியாவில் ஒரு பிங்கோ ஹாலில் ஷோ நடத்தி 2001-ல் மூடிப்போன ஈ.சி.டபிள்யூ. காலத்துப் பழக்கம் இது. அடி பலமாக விழுந்தால் "ஒன் மோர் டைம்!" என்பார்கள்.

சனிக்கிழமை நடந்தது இதுதான். இடைவேளைக்கு முந்தைய ஆட்டம். ஒருவர் மேல் கயிற்றில் ஏறினார், கால் வழுக்கியது. தாடையை ஒட்ட நேரம் கிடைக்கவில்லை. தோளும் கழுத்துமாக ரிங்கின் ஓரத்தில் போய் விழுந்தார். அந்தச் சத்தம் மற்ற சத்தங்கள் மாதிரி இல்லை. ரெஃப்ரி குனிந்து கையைப் பிடித்தார். ஒரு நிமிஷம் ஹாலே அமைதி. அப்புறம் அவர் எழுந்தார். எழுந்ததும் எங்கள் வரிசையிலிருந்து ஆரம்பித்தது: "சொதப்பிட்டே!" அதோடு விட்டார்களா? "ஒன் மோர் டைம்!" அவரும் எங்களைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், மறுபடி ஏறினார். இந்த முறை சரியாகக் குதித்தார். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது.

நானும் கத்தினேன். சொதப்பிட்டே என்று கத்தவில்லை, ஒன் மோர் டைம் என்று கத்தினேன். அது ஏதோ உற்சாகப்படுத்துவது என்று நினைத்துக்கொண்டு!

இடைவேளையில் ரெஸ்லர்கள் எல்லாரும் வாசல் பக்கம் மேஜை போட்டு டி-சர்ட் விற்பார்கள். ஷோவுக்குக் கிடைக்கும் பணத்தைவிட பலருக்கு இந்த மேஜைதான் வருமானம். அவரும் நின்றார். தோளில் ஐஸ் பையை டேப் போட்டு ஒட்டியிருந்தார். டி-சர்ட்டை இடது கையால் எடுத்துக் கொடுத்தார், வலது கை தூக்கவில்லை. எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "பரவாயில்லை தம்பி, திங்கட்கிழமை வேலையை நினைச்சாத்தான் கவலை" என்றார். வேர்ஹவுஸில் பெட்டி ஏற்றும் வேலையாம். டாக்டரைப் பார்க்கலையா என்றேன். சிரித்தார். இந்தத் தொழிலில் யாரும் ஊழியர் கிடையாது, எல்லாரும் தனி ஒப்பந்தக்காரர்கள். அடிபட்டால் சொந்தச் செலவு. அமெரிக்காவில் எமர்ஜென்சி வார்டு பில் எவ்வளவு வரும் என்பது இங்கே படிக்கிற நமக்குத் தெரியாததா? அங்கே நின்று மறுபடி ஏன் ஏறினீர்கள் என்று கேட்டேன். "நீங்கதானே கேட்டீங்க" என்றார். குத்திக்காட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

"அவனா இஷ்டப்பட்டுத்தானே வந்தான்" என்று ஒரு வாதம் வரும். உண்மைதான், இஷ்டப்பட்டுத்தான் வந்தார். ஹிரோஷிமாவில் 2009 ஜூன் 13 அன்று மிட்சுஹாரு மிசாவாவும் இஷ்டப்பட்டுத்தான் ரிங்கில் ஏறினார். முதுகுப்புறமாகத் தூக்கிப் போடும் ஓர் அடி, ஆயிரம் முறை வாங்கிய அடிதான், எழுந்திருக்கவில்லை. 46 வயது. ரசிகர்கள் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். 2007-ல் கிறிஸ் பென்வா மனைவியையும் சின்னப் பையனையும் கொன்றுவிட்டுத் தானும் செத்தார். அந்தக் கொடூரத்துக்கு நான் காரணம் தேடிச் சமாதானம் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் மூளையைப் பரிசோதித்தவர்கள் திரும்பத் திரும்ப அடிபட்டதன் சிதைவைக் கண்டார்கள். மேல் கயிற்றிலிருந்து தலையால் முட்டுவதுதான் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. முன்னே சொன்னேனே டேனியல்சன், அவரும் தலையில் பட்ட அடிகளால் 2016-ல் ஓய்வை அறிவித்து, 2018-ல்தான் டாக்டர்கள் அனுமதியோடு திரும்பினார். டபிள்யூ.டபிள்யூ.ஈ. 2010-லேயே நாற்காலியால் தலையில் அடிப்பதைத் தடை செய்துவிட்டது. பெரிய கம்பெனி, செய்ய முடிந்தது. வாடகை ஹாலில் தடை போட யார் இருக்கிறார்கள்? நூற்றைம்பது பேரின் தொண்டைதான் அங்கே சட்டம். கத்தினால் ஏறுவார், கத்தாவிட்டால் ஏற மாட்டார்.

"காசு குடுத்தேன், கத்துவேன்" என்பவர்களுக்கு: தாராளமாகக் கத்துங்கள். அதற்குத்தான் ஷோவே. என் முன் வரிசையில் ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் வில்லனைப் பார்த்து அழுதுகொண்டே திட்டினான். வில்லன் அவனிடம் குனிந்து நாக்கைத் துருத்தினார். பையன் பாப்கார்னை வீசினான், ஹாலே குலுங்கியது. அந்த ஆட்டத்தில் அதற்கு அப்புறம் யாரும் பெரிதாகக் குதிக்கவே இல்லை, தேவைப்படவில்லை. வில்லன் கயிற்றுக்கு வெளியே ஓடி ஒளிந்ததற்கே கூரை பிய்ந்தது. எல்லாம் தெரிந்த மூன்றாவது வரிசையை எழுப்பத்தான் ஒருவர் கழுத்தைப் பணயம் வைக்க வேண்டியிருக்கிறது.

அடுத்த ஷோ அடுத்த மாதம், அதே ஹால். ரூம்மேட்டுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்திருக்கிறேன். வர மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டிருந்தவன் நேற்று மெதுவாகக் கேட்டான், தமிழில் திட்டினால் வில்லனுக்குப் புரியுமா என்று :-) அவர் தோள் அதற்குள் சரியாகியிருக்குமா தெரியவில்லை. டி-சர்ட் டபுள் எக்ஸ்.எல்., அந்த ஒரு அளவுதான் மீதி இருந்தது. ராத்திரி போட்டுக்கொண்டு தூங்குகிறேன்.