கண்காணிக்க வேண்டியது மிதிவண்டியையா, மோட்டார் வாகனத்தையா?

மிதிவண்டியில் செல்வோரின் உயிரைக் காக்கப் புதிய வழி பிறந்துவிட்டது என்கின்றன கார் நிறுவனங்களும் மென்பொருள் நிறுவனங்களும். மிதிவண்டியிலோ ஓட்டுபவரின் செல்பேசியிலோ ஒரு கருவி இருக்கும். அது தன் இருப்பிடத்தை இடைவிடாது அறிவிக்கும். அருகில் வரும் கார் அதை உணர்ந்து ஓட்டுநரை எச்சரிக்கும். அமெரிக்காவின் ஃபோர்டு கார் நிறுவனமும் டிரெக் மிதிவண்டி நிறுவனமும் 2018லேயே இம்முயற்சியில் கைகோத்தன.

திரும்பும் லாரியின் ஓட்டுநர் கண்ணுக்குப் புலப்படாத ஒருவரை ஓர் எச்சரிக்கை ஒலி காப்பாற்றுமாயின், அதை நாம் எதிர்க்க வேண்டியதில்லை. அறிவியலோடு நமக்குப் பகையில்லை. அது யார் கையில் இருக்கிறது, யாரை நோக்கித் திருப்பப்படுகிறது என்பதே நம் கேள்வி.

இந்தியாவில் மிதிவண்டி பெரும்பாலும் உழைப்பாளியின் ஊர்தி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வேளாண்மை சாராத தொழிலாளர்களில் ஏறத்தாழ 2.6 கோடிப் பேர் மிதிவண்டியில்தான் வேலைக்குச் சென்றனர். 2022இல் நம் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர். அவற்றில் 71 விழுக்காட்டுச் சாவுகளுக்கு அதிவேகமே காரணம் என்று ஒன்றிய அரசின் அறிக்கையே கூறுகிறது. அந்த வேகம் மிதிவண்டியின் வேகம் அன்று. அவ்வாறிருக்க, சாகிறவனின் வண்டியில் கருவியைப் பொருத்தச் சொல்வது என்ன நியாயம்?

இதன் முதல் தீங்கு, பொறுப்பு இடம் மாறுவது. இன்று விருப்பம் என்று சொல்லப்படும் கருவி நாளை கடமையாகும். கருவியின்றி வந்தவர் தம் சாவுக்குத் தாமே பொறுப்பு என்று காப்பீட்டு நிறுவனம் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வாதிடும். 'பாதிக்கப்பட்டவரின் கவனக்குறைவு' என்று சொல்லி இழப்பீட்டைக் குறைப்பது அங்கு ஏற்கெனவே உள்ள வழக்கம்தானே!

கருவிகளின் கண்ணை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 2018 மார்ச்சில் அமெரிக்காவின் டெம்பி நகரில், மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்ணை ஊபரின் தானியங்கிச் சோதனைக் கார் மோதிக் கொன்றது. மோதுவதற்கு 5.6 நொடிக்கு முன்பே கருவி அவரைக் கண்டுவிட்டது. ஆனால் வாகனமா, வேறு பொருளா, மிதிவண்டியா என்று மாற்றி மாற்றிக் கணித்துக்கொண்டிருந்தது. குறுக்குப் பாதைக் கோடுகள் இல்லாத இடத்தில் மனிதர் சாலையைக் கடப்பார் என்பதே அதன் மென்பொருளில் இல்லை. நிறுவனத்தின் மீது குற்ற வழக்கு இல்லை. காரில் அமர்ந்திருந்த ஊழியரே தண்டிக்கப்பட்டார். முதலாளித்துவ நீதி இதுதான்.

இரண்டாவது தீங்கு, வேவு. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒருவர் தம் மிதிவண்டிப் பயணத்தைச் செல்பேசியில் பதிந்துவந்தார். திருட்டு நடந்த வீட்டைக் கடந்து சென்றதாக அப்பதிவு காட்டியதாலேயே, குற்றமற்ற அவர் காவல்துறையின் சந்தேக வளையத்தில் சிக்கினார். நம் நாட்டிலோ, 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்க ஒன்றிய அரசுக்கு அதிகாரம் தருகிறது. வேலை தொடர்பான நோக்கங்களுக்காகத் தொழிலாளியின் ஒப்புதலின்றியே அவரது தரவுகளைக் கையாள முதலாளிக்கும் வழிவிடுகிறது. சண்டிகரில் துப்புரவுத் தொழிலாளர் கையில் இருப்பிடம் காட்டும் கடிகாரங்களைக் கட்டியதையும், அதை எதிர்த்து அவர்கள் 2020இல் போராடியதையும் தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

கண்காணிப்பே பாதுகாப்பு என்றால், இந்நாட்டின் பாதுகாப்பான மனிதர் உணவு விநியோகத் தொழிலாளியாகத்தான் இருக்க வேண்டும். அவர் எந்தத் தெருமுனையில் நிற்கிறார் என்பதை நிறுவனம் நொடிதோறும் அறிகிறது. அந்த அறிவு அவரை விரட்டப் பயன்படுகிறதேயன்றிக் காக்கப் பயன்படவில்லை.

நெதர்லாந்தில் 1971இல் சாலை விபத்துகள் 3,000க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டன. அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்ற முழக்கத்தோடு மக்கள் தெருவில் இறங்கினர். தனிப் பாதைகள் அமைந்தன, வேகம் குறைக்கப்பட்டது. எந்த மிதிவண்டியும் வேவு பார்க்கப்படவில்லை. கொல்கத்தா காவல்துறையோ 2013இல் 174 சாலைகளில் மிதிவண்டிக்கே தடை விதித்தது. போக்குவரத்து நெரிசலுக்கு ஏழையின் வாகனமே காரணம் என்பது ஆட்சியாளர்களின் கண்ணோட்டம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் விற்பனையாகும் புதிய கார்கள் அனைத்திலும் வேக வரம்பை உணர்ந்து எச்சரிக்கும் கருவி கட்டாயமாகியிருக்கிறது. தொழில்நுட்பம் திரும்ப வேண்டிய திசை இதுவே.

எனவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. கொல்லும் ஆற்றல் உள்ள வாகனத்தில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைப் பொருத்துக. ஆலைப் பகுதிகளுக்கும் தொழிலாளர் குடியிருப்புகளுக்கும் இடையே தனி மிதிவண்டிப் பாதை அமைத்திடுக. கருவி இல்லாததைக் காட்டி இழப்பீட்டைக் குறைக்கச் சட்டத்தில் இடம் தராதே. தொழிலாளியின் இருப்பிடத் தரவைத் தொழிற்சங்கத்தின் ஒப்புதலின்றித் தொடாதே. இவற்றை நகராட்சி மன்றங்களிலும் ஆலை வாயில்களிலும் எழுப்புவது நம் கடமை.